வெயில் தின்ற வார்

அன்புள்ள செல்வி,

படகு போட்டோக்கள் வந்தன. அம்மாவுக்குத்தான் பயம், எனக்கு இல்லை என்று காட்டிக்கொண்டிருக்கிறேன். சரி, அது போகட்டும். மூன்றாவது போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்முனை அணியத்திலிருந்து பின்முனை அமரம் வரை கட்டியிருக்கும் ஜாக்லைன், அதுதான் உடம்பில் மாட்டுகிற வாரின் கொக்கியைக் கோத்துக்கொள்ளும் நீள வார், நீலமா சாம்பலா என்றே தெரியவில்லை. தையல் மேல் கட்டைவிரல் நகத்தால் சுரண்டிப் பார். நூல் பஞ்சாக எழும்பினால் யோசிக்காமல் வெட்டிப் போடு.

புதிதாகக் கட்ட ஸ்டீல் கம்பி வேண்டாம், மிதித்தால் காலடியில் உருளும். நைலானும் வேண்டாம். நனைந்தால் இழுபடும், விழுகிற நேரத்தில் ஒரு முழம் கூடுதலாக விட்டுக்கொடுக்கும். தட்டையான பாலியெஸ்டர் வார் வாங்கு. தையல் நூல் வேறு நிறத்தில் இருந்தால் அறுந்தது உடனே தெரியும். நெடுங்கடல் பந்தயப் படகுகளில் இந்த வார் 2040 கிலோ தாங்க வேண்டும் என்று விதி. உன் எடை 55 தானே என்று நினைக்காதே, அலை தூக்கி எறியும்போது கணக்கே வேறு.

ஓரத்தில் கட்டாமல் உள்ளே தள்ளிக் கட்டு. அமரத்துக்கு ஓர் ஆள் நீளம் முன்னாலேயே முடித்துவிடு. உடம்பில் மாட்டுகிற வாரில் 2 மீட்டரும் உண்டு, 1 மீட்டரும் உண்டு. முடிந்தவரை குட்டையையே மாட்டு. விழுந்தவரைத் தூக்க அல்ல, விழவே விடாமல் இருக்கத்தான் அது. 6 நாட், அதாவது மணிக்கு 11 கிலோமீட்டர் வேகத்தில் படகோடு இழுபடுகிறவர் வாரில் தொங்கிக்கொண்டே மூழ்கிப்போகலாம்.

2017 நவம்பரில் கேப் டவுனிலிருந்து உங்கள் ஊர் ஃபிரீமாண்டிலுக்கு வந்துகொண்டிருந்த உலகம் சுற்றும் பந்தயப் படகிலிருந்து ஒருவர் கடலில் விழுந்தார். வார் மாட்டித்தான் இருந்தார். அதன் கொக்கி தளத்திலிருந்த கிளீட்டுக்கு, அதாவது கயிறு சுற்றிக் கட்டும் கட்டைக்கு, அடியில் சிக்கி, பக்கவாட்டில் இழுபட்டு, வளைந்து கழன்றுவிட்டது. ஆளைக் காப்பாற்ற முடியவில்லை. கொக்கிக்கு நேராக இழுத்தால்தான் பலம். உன் ஜாக்லைன் நுனிக்குப் பக்கத்தில் கிளீட் ஏதும் இருக்கிறதா?

நான் கப்பலில் சாரங்காக, டெக் ஆட்களுக்குத் தலைவனாக இருந்தபோது, புயலுக்கு முன்னால் டெக்கில் பிடித்து நடக்க லைஃப்லைன் கயிறு கட்டுவோம். பிஸ்கே வளைகுடாவில் ஒருநாள், நான் இழுத்துப் பார்க்காமல் விட்ட முடிச்சு என் கையிலேயே அவிழ்ந்தது. சரக்கு இறக்கும் திறப்பான ஹேட்சின் விளிம்பில் முட்டி அடிபட்டது. அந்த முட்டிதான் இப்போதும் மாடிப்படியில் தகராறு செய்வது.

அப்புறம், படகைச் சுற்றியிருக்கும் ஓரக் கம்பிக்கு வெள்ளை பிளாஸ்டிக் உறை போட்டிருக்கிறார்கள். உள்ளே துரு தின்றாலும் வெளியே பளபளவென்றே இருக்கும். உறையில்லாத கம்பியாக மாற்று.

கரைக்கு வந்ததும் வாரை அவிழ்த்து, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயப்போடு. படகை விற்றவர் அதைச் செய்ததே இல்லை போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் கொக்கியின் அடிப்பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு மக்கா.

அப்பா