பாப்பாவுக்கு மொட்டை வேண்டாம்

அன்புத் தங்கைக்கு,

தைப்பூசக் கூட்டம் குறைந்ததும் பழனிக்குப் போய்ப் பாப்பாவுக்கு மொட்டை போடப்போகிறீர்கள் என்று அம்மா போனில் சொன்னார். வேண்டுதல் என்றால் நான் ஒரு வார்த்தை பேசியிருக்கமாட்டேன். நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் முதல் முடி அங்கேதான் இறக்கியிருக்கிறோம். ஆனால் இதில் வேண்டுதல் எங்கே இருக்கிறது? எந்நேரமும் முடியைச் சுருட்டிக்கொண்டே இருக்கிறாள், முடியே இல்லாவிட்டால் கை என்ன செய்யும் என்று உன் மாமியார் கேட்டிருக்கிறார், நீயும் தலையாட்டியிருக்கிறாய். எட்டு வயதுப் பெண்ணுக்கு இது தண்டனைதான். அதைச் சாமி பெயரில் கொடுக்க வேண்டாம் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்தப் பழக்கம் உள்ள பெண்கள் நம்மைச் சுற்றி ஏராளம். பஸ்ஸில் ஜன்னலோரம் பார், பரீட்சை ஹாலில் பார், டோக்கன் வாங்கிக்கொண்டு டாக்டருக்காகக் காத்திருக்கிறவர்களைப் பார். சடை நுனி விரலில் சுற்றிக்கொண்டே இருக்கும். அவர்களிடம் யாரும் இதைப் பற்றி உட்கார்ந்து பேசியதில்லை. "கையை எடு" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் போனால், முடியை நோண்டினால் வீட்டுக்குத் தரித்திரம், விளக்கு வைத்த நேரத்தில் தலையில் கை வைக்காதே, தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். நாம் இரண்டு பேரும் கேட்டு வளர்ந்ததுதானே.

நான் ஐம்பதை நெருங்குகிறேன். இன்னும் என் கை போகிறது. இடது காதுக்குப் பின்னால், மடலுக்கு இரண்டு விரல் மேலே, எப்போதும் அதே இடம். அங்கிருந்து ஒரு மெல்லிய கற்றையை நடுவிரல் பிரித்தெடுக்கும். ஆட்காட்டி விரலில் இரண்டு சுற்று. பிறகு கட்டைவிரல் நகம் அதன் மேல் மெதுவாக வழுக்கிக்கொண்டு நுனிவரை போகும். நுனி வந்ததும் அதை மேலுதட்டில் ஒருமுறை தேய்த்துப் பார்த்துவிட்டு விரல் மறுபடி மேலே ஏறும். எண்ணெய் வைத்த தலையில் இது சரிப்படாது. சீயக்காய் தேய்த்துக் குளித்து நன்றாகக் காய்ந்த முடியில்தான் அந்த மெல்லிய கரகரப்பு இருக்கும். காதோரத்திலேயே நடப்பதால் அந்தச் சத்தம் எனக்கு மட்டும் கேட்கும். படிக்கும்போது, கணக்குப் பார்க்கும்போது, யாராவது கெட்ட செய்தி சொல்லும்போது, தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது கை தானாக அங்கே போய்விடும், படபடப்பு அடங்கும். அப்பா ஐ.சி.யூ.வில் இருந்த இரவுகளில் வராந்தா நாற்காலியில் நான் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்று நீ பார்த்தாய். விடியும்வரை என்னை உட்கார வைத்தது அந்த ஒரு கற்றை முடிதான். அதற்காக நான் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை.

பாப்பாவின் கதைக்கு வருகிறேன். அவள் பால் குடிக்கும்போது உன் முந்தானைக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் மேலே வருமே, நினைவிருக்கிறதா? உன் கழுத்தோரத்து முடியைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். பிடித்த பிறகுதான் கண் சொருகும். ஆறாவது மாதம் நீ வேலைக்குத் திரும்பினாய். அம்மா தொட்டிலில் போட்டு ஆட்டினார். உன் முடி எட்டாதபோது அந்தக் கை தன் முடியைக் கண்டுபிடித்துக்கொண்டது. உன்னைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நாள் முழுக்க வீட்டிலேயே இருக்கிற அம்மாக்களின் பிள்ளைகளும் இதைச் செய்கிறார்கள். இங்கிலாந்தின் குழந்தை மருத்துவரும் மனப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வின்னிகாட், குழந்தைகள் போர்வை நுனியையும் துணிப் பொம்மையையும் விடாமல் பிடித்துக்கொள்வதைப் பற்றி 1953இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அது அழுக்கேறி நாறினாலும் தாய் துவைக்காமல் விட்டுவைக்கிறாள், துவைத்தால் பிள்ளையின் மனதில் ஏதோ ஒரு தொடர்ச்சி அறுந்துபோகும் என்று அவளுக்குத் தெரியும் என்கிறார். போர்வையாவது ஒருநாள் கிழிந்து காணாமல் போகும். முடி பள்ளிக்கூடத்துக்கும் வருகிறது, புகுந்த வீட்டுக்கும் வருகிறது. என்னைப் போன்றவர்களுக்கு இந்தப் பழக்கம் நீடிப்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

உடம்பிலும் இதற்கு இடம் இருக்கிறது. வெளியே தெரியும் முடிக்கு உயிர் இல்லை. ஆனால் தோலுக்குள் ஒவ்வொரு முடியின் வேரையும் நரம்பு முனைகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. முடி சற்று அசைந்தாலே அவற்றுக்குத் தெரிந்துவிடும். முடி வளரும் தோலில் இன்னொரு வகை மெல்லிய நரம்பும் உண்டு. மெதுவான வருடலுக்குத்தான் அது நன்றாகப் பதில் சொல்லும். வினாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகம். அதைவிட வேகமாகத் தேய்த்தால் அதன் துடிப்பு குறைந்துவிடும். ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் இதைப் பல ஆண்டுகள் அளந்து பார்த்திருக்கிறார்கள். எங்கே தொட்டது, எது தொட்டது என்பதைவிட, இதமாக இருக்கிறது என்ற உணர்வைக் கொண்டுபோவதுதான் இந்த நரம்பின் வேலை. அம்மாயி நம்மை மடியில் சாய்த்துப் பேன் பார்க்கும்போது பாதியிலேயே தூங்கிப்போவோமே! அந்த வேகத்தை அம்மாயிக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

உன் பயத்தில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். முடியைச் சுருட்டுவது வேறு, பிடுங்குவது வேறு. பிடுங்குவதற்கு ட்ரைக்கோடில்லோமேனியா என்று பெயர். பிரெஞ்சுத் தோல் மருத்துவர் ஹாலோப்போ 1889இல் வைத்தது. 2013இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு அதை ஓ.சி.டி. என்கிற எண்ணச் சுழற்சி நோயோடு தொடர்புடைய கோளாறுகளில் சேர்த்திருக்கிறது. பெரும்பாலும் பத்து வயதுக்கு மேல், வயதுக்கு வரும் காலத்தை ஒட்டித் தொடங்குகிறது. அதனால் இனி வரும் வருடங்களில் நீ கவனமாக இருக்கத்தான் வேண்டும். ஒரே இடத்தில் முடி அடர்த்தி குறைந்து, அங்கே நீளமும் குட்டையுமாக முளைகள் நிற்கிறதா, புருவத்துக்கோ இமைக்கோ கை போகிறதா, அந்த இடத்தை மறைத்துப் பின்னச் சொல்கிறாளா என்று பார். சீப்பில் சிக்குகிற முடியைப் பார்த்துப் பதறாதே; ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது யாருக்கும் இயல்பு. ஒன்றை மட்டும் ஒருநாளும் அலட்சியப்படுத்தாதே: பிடுங்கிய முடியை விழுங்குகிறாளா என்பது. வயிற்றில் முடி செரிக்காது. சேர்ந்து உருண்டையாகி, சில பிள்ளைகளுக்குக் குடல்வரை வால் நீண்டு, அறுவை சிகிச்சை செய்து எடுக்க வேண்டியதாகிவிடும். நம் நாட்டு மருத்துவமனைகளிலும் சிறுமிகளுக்கு அப்படி எடுத்திருக்கிறார்கள்.

பொங்கலுக்கு வந்தபோது பாப்பாவுக்கு நான்தான் தலை பின்னிவிட்டேன். வகிடு எடுக்கும் சாக்கில் தலை முழுவதும் பார்த்துவிட்டேன். சொட்டை எங்கும் இல்லை. வலது பக்கம் மட்டும் நுனியில் சிக்கு, கொஞ்சம் வெடிப்பு. அவள் பிடுங்கவில்லை, சுருட்டுகிறாள், அவ்வளவுதான்.

மொட்டை போட்டால் என்ன ஆகும் என்று யோசித்தாயா? முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். மூன்றாம் வகுப்பில் இழக்கும் சடை ஐந்தாம் வகுப்பு முடியும்போதுதான் தோளைத் தொடும். அதுவரை வகுப்பில் பையன்கள் தலையில் தட்டுவதையும் தொப்பி போட்டுக்கொண்டு விளையாடப் போவதையும் அவள்தான் தாங்க வேண்டும். கை சும்மா இருக்கும் என்பதும் நடக்காது. எனக்குக் கிராப் வெட்டிவிட்டார்களே, நீ அப்போது சின்னப்பிள்ளை. என் கை பாவாடை நாடாவுக்குப் போனது, பிறகு நகத்துக்குப் போனது. நகக்கண்ணில் ரத்தம் வரும்வரை கடித்தேன். முடி வளர்ந்ததும் நகம் கடிப்பது நின்றது. கை தேடியது ஆறுதலை. அதைப் பறித்தால் தேடல் கூடுமே தவிரக் குறையாது.

என்னைக் கேட்டால் வீட்டுக்குள் அவளை அப்படியே விட்டுவிடு. தூங்கப் போகும்போதும் டிவி பார்க்கும்போதும் சுருட்டினால் யாருக்கு என்ன நஷ்டம்? இரவில் தளர்வாக ஒற்றைச் சடை பின்னி, நுனியை அவள் கைக்கு எட்டும்படி முன்னால் போட்டுவிடு. சிக்கு விழாது. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் வேண்டாம் என்று ஒரு விதி வைக்கலாம். காரணம் சொன்னால் அவள் கேட்டுக்கொள்வாள். எப்போது கை போகிறது என்று நீ கொஞ்ச நாள் பேசாமல் கவனி. எனக்குத் தெரிந்தவரை டிக்டேஷன் இருக்கிற நாளில் காலையிலிருந்தே ஆரம்பித்துவிடுகிறாள். அப்படியானால் கவனிக்க வேண்டியது டிக்டேஷனை.

நாளைக்கு அது பிடுங்குவதாக மாறினால் அதற்கும் வழி இருக்கிறது. அஸ்ரின், நன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1973இல் வகுத்த பயிற்சி இன்றுவரை முதன்மையான சிகிச்சையாக இருக்கிறது. கை மேலே போவதை முதலில் பிள்ளையே உணரக் கற்றுக்கொள்வது, உணர்ந்ததும் அந்தக் கையை இறுக மூடியோ ஒரு பொருளைப் பற்றியோ கொஞ்ச நேரம் வைத்திருப்பது, அதற்கு வீட்டார் ஒரு நல்ல வார்த்தை சொல்வது. அடியும் மிரட்டலும் அதில் எங்குமே கிடையாது. யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் 14416க்குப் போன் செய். 2022 முதல் மத்திய அரசு நடத்தும் இலவச மனநல உதவி எண், தமிழிலும் பேசுவார்கள்.

டீச்சர் டைரியில் எழுதி அனுப்பினார் என்றாயே, அதற்குப் பதில் எழுது. "கவனம் சிதறவில்லை, கவனிக்கும்போதுதான் அவள் அப்படிச் செய்கிறாள், வகுப்பில் எல்லோர் முன்னாலும் கையைத் தட்டிவிட வேண்டாம்" என்று எழுது. முதல் வரி உண்மையா என்று சந்தேகமாக இருந்தால் அவள் சுருட்டிக்கொண்டிருக்கும்போது நீயே ஒரு கதை சொல்லிவிட்டு நடுவிலிருந்து கேள்வி கேட்டுப் பார்.

பழனிக்குக் கட்டாயம் போய்வாருங்கள். மாமியார் மனம் நோகாமல் இருக்க வேண்டுமென்றால் பூமுடி கொடுக்கலாம். நுனியில் வெடித்திருப்பதை மட்டும் கொஞ்சம் கத்தரித்தால் போதும். அதையும் கிளம்புவதற்கு முன்னால் பாப்பாவிடம் கேட்டுவிட்டுச் செய். அவள் வேண்டாம் என்றால் மாமியாரிடம் நான் பேசுகிறேன்.

அன்புடன்,
அக்கா