கடலோர வீட்டுக்கு ஈரப்பதமூட்டி எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் குளிர்கால உடல்நலம் பற்றி வெளிவந்த கட்டுரை, இப்பருவத்தில் வீட்டுக்குள் காற்று வறண்டுவிடும் என்றும், ஹ்யூமிடிஃபையர் எனப்படும் ஈரப்பதமூட்டியை வாங்கிப் படுக்கையறையில் வைத்தால் தோலுக்கும் மூச்சுக்கும் நல்லது என்றும் கூறியிருந்தது. வீட்டுக்குள் ஈரப்பதம் அளவோடு இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் கடலூரிலும் புதுச்சேரியிலும் குடியிருப்பவர்கள் அந்த அளவை எட்டுவதற்குச் செய்ய வேண்டியது அக்கட்டுரை சொன்னதற்கு நேர்மாறானது என்பதைத் தெரிவிக்கவே இதை எழுதுகிறேன்.

அந்த அறிவுரை தவறானதன்று; வேறு ஊருக்கு உரியது. சுழியம் டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 5 கிராம் நீராவியைத்தான் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம் வரை தாங்கும். பாரிஸ் போன்ற நகரத்தில் உறைநிலையை ஒட்டிய வெளிக்காற்று வீட்டுக்குள் வந்து ஹீட்டரில் 20 டிகிரிக்குச் சூடாகும்போது, அதில் இருக்கும் நீராவி கூடுவதில்லை, தாங்கும் அளவு மட்டும் கூடிவிடுகிறது. எனவே ஒப்பு ஈரப்பதம், அதாவது காற்று தாங்கக்கூடிய நீராவியில் உண்மையில் இருக்கும் பங்கு, 30 சதவீதத்துக்கும் கீழே இறங்குகிறது. உதடு வெடிக்கிறது, மூக்கின் உட்புறம் காய்ந்து சில நேரம் ரத்தமும் கசிகிறது, கம்பளியைத் தொட்டால் சுரீரென்று மின்னதிர்ச்சி, மரச்சாமான்களில் விரிசல். புதுச்சேரியில் பல குடும்பங்களின் பிள்ளைகள் பிரான்சில் இருக்கிறார்கள். அவர்கள் ஈரப்பதமூட்டி வாங்குவது முற்றிலும் சரி. அவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் அதே குறிப்பை இங்கே பெற்றோர் பின்பற்றுவதுதான் பொருந்தாதது.

நம் கணக்கைப் பார்ப்போம். தை மாத விடியற்காலையில் கடலூரில் வெப்பநிலை 22 டிகிரி அளவில் இருக்கும், பனியும் இறங்கும். அதாவது காற்று ஏறக்குறைய நிறைந்திருக்கும், கன மீட்டருக்கு 19 கிராம். அதே காற்று நண்பகலில் 28 டிகிரிக்குச் சூடானாலும் ஒப்பு ஈரப்பதம் 70 சதவீதம் அளவில்தான் நிற்கும். இங்கே நாம் ஹீட்டர் போடுவதில்லை. மின்கட்டணம் மிச்சம் என்று கோடையில் ஓடிய ஏசியையும் நிறுத்திவிடுகிறோம். காற்றிலிருந்து நீரைப் பிழிந்து வெளியே சொட்டவிட்டுக்கொண்டிருந்த ஒரே கருவியும் அத்துடன் ஓய்ந்துவிடுகிறது.

இதற்குச் சான்று தேட வேண்டாம், சமையலறையில் இருக்கிறது. கலப்பில்லாத தூய உப்பு, ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைக் கடந்தால்தான் காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கல்லுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடோ அதற்கு வெகு முன்னரே நீர் கோத்துக்கொள்ளும். கார்த்திகை, மார்கழியில் உப்பு ஜாடியின் அடியில் நீர் தேங்குகிறது, பொரித்த அப்பளம் இலைக்கு வருவதற்குள் நமுத்துப்போகிறது, கதவு உப்பிக்கொண்டு நிலையில் சிக்குகிறது. கடற்காற்றில் வந்து சுவரில் படியும் உப்பும் இதே வேலையைச் செய்வதால், மழை நின்ற பிறகும் சுவர் பிசுபிசுக்கிறது. என் வீட்டில் தொங்கும் சிறு ஈரப்பதமானி மார்கழி விடியலில் 80-க்குக் கீழே இறங்கி நான் பார்த்ததில்லை.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வீட்டுக்குள் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்றும், 30 முதல் 50 வரை இருப்பது மிக நல்லது என்றும் கூறுகிறது. நமக்கு 50 எட்டாக்கனி என்றாலும், 60-ஐ ஒட்டிக் கொண்டுவந்தாலே பெரும் பயன் உண்டு. பூஞ்சணம் வளர்வது தடைப்படும். மெத்தையிலும் தலையணையிலும் குடியிருக்கும், கண்ணுக்குத் தெரியாத தூசு உண்ணிகள் தண்ணீர் குடிப்பதில்லை, காற்றின் ஈரத்தை உறிஞ்சியே வாழ்கின்றன. ஈரம் குறையக் குறைய அவற்றின் பெருக்கமும் குறையும். மழைக்காலத்தில் பிள்ளைகளுக்கு வீசிங் வரும்போது பனியையும் வாழைப்பழத்தையும் குறை சொல்கிறோம். வீசிங்கைத் தூண்டக்கூடிய இந்த உண்ணிகள் குடியிருக்கும் இலவம்பஞ்சு மெத்தையைக் கடைசியாக எப்போது வெயிலில் போட்டோம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

வீட்டுக்குள் ஈரத்தைச் சேர்ப்பதில் நம் பங்கும் சிறிதன்று. ஒரு முறை துவைத்த துணியை ஹாலில் கொடி கட்டி மின்விசிறியின் கீழ் உலர்த்தினால் ஏறத்தாழ இரண்டு லிட்டர் தண்ணீர் அறைக் காற்றில் கலக்கிறது. இட்லிப் பானையின் ஆவியும் வெந்நீர்க் குளியலின் ஆவியும் இதனுடன் சேர்கின்றன. கொசுவுக்கும் குளிருக்கும் பயந்து சன்னலையும் அடைத்துவிடுகிறோம். வேறு வழியில்லாதபோது, துணியை ஓர் அறையில் மட்டும் போட்டு, உட்கதவைச் சாத்தி, அந்த அறையின் சன்னலைத் திறந்து வைக்கலாம். வெயில் ஏறிய பிறகு, பத்து மணி முதல் நான்கு மணி வரை, எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து காற்றை ஓடவிட வேண்டும். மழை கொட்டும்போது திறப்பதால் ஈரம் குறையாது. பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வைப்பது நல்லது. ஏசி இருப்பவர்கள் அதை மாலையில் சிறிது நேரம் டிரை மோடில் (ஈரத்தை நீக்கும் முறையில்) ஓட்டலாம்.

பூஞ்சணம் பிடித்த சுவரின் மீது புதிதாகப் பெயின்ட் அடித்து மறைப்பது பொங்கலுக்கு முன் ஊரெங்கும் நடக்கும் வேலை. முகக்கவசம் அணிந்து சோப்புத் தண்ணீரால் தேய்த்துத் துடைத்து, சுவரை நன்றாகக் காயவிட்டு, கசிவு எங்கிருந்து வருகிறது என்று கண்டு அடைத்த பிறகே பெயின்ட் அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் அது உரிந்துவிடும். புதுச்சேரியின் பழைய வீடுகளில் சுண்ணாம்புக் காரைக்கு மேல் சிமென்ட் பூசி, அதன்மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் அடிப்பவர்கள், சுவர் உறிஞ்சிய ஈரம் வெளியேறும் வழியையே அடைத்துவிடுகிறார்கள்.

வெள்ளம் புகுந்த வீடுகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபின், தென்பெண்ணை பெருகிக் கடலூரின் ஆற்றோரக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. நனைந்த பொருள்களை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்தாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். செங்கல் சுவர் உலரவோ வாரக்கணக்கில் ஆகும். குடிநீரில் குளோரின் கலப்பது பற்றி ஒலிபெருக்கியில் அறிவிப்பவர்கள் இதையும் இரண்டு வரி சேர்த்துச் சொல்லக் கூடாதா?

ஈரப்பதமூட்டி இங்கே யாருக்குமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரவு முழுவதும் ஏசியில் படுத்து, காலையில் தொண்டை வறண்டு எழுபவர்களுக்கு அது உதவக்கூடும். அவர்களும் முதலில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானியை வாங்கி அளந்து பார்க்கட்டும். மேலும், மீயொலியில் இயங்கும் மலிவான கருவிகளில் நம் ஆழ்குழாய்க் கிணற்றுக் கடினநீரை ஊற்றினால், அதிலுள்ள தாதுக்கள் வெண்தூசாக அறையெங்கும் பரவி நுரையீரலுக்குள்ளும் செல்லும்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். வானிலைப் பெட்டியில் வெப்பநிலையும் மழையளவும் நாள்தோறும் வருகின்றன. வானிலை ஆய்வு மையம் காலை 8.30 மணிக்கும் மாலை 5.30 மணிக்கும் ஈரப்பதத்தையும் அளக்கிறது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் உரிய அந்த இரண்டு எண்களையும் அதே பெட்டியில் வெளியிட்டால், ஈரப்பதமூட்டிக்கு ஆர்டர் கொடுக்குமுன் வாசகர்கள் ஒருமுறை அதைப் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.