அந்தக் கடைவாய்ப்பல்லைப் பற்றி

சுங்கை சிப்புட்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம்.

பல்வலியால் இரண்டு இரவாக நீ உறங்கவில்லை என்றும், எக்ஸ்ரே என்றதும் "குழந்தை பிறக்கட்டும், பார்க்கலாம்" என்று நாற்காலியை விட்டு எழுந்து வந்துவிட்டாய் என்றும் மாப்பிள்ளை சொன்னார். எக்ஸ்ரே வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்குமோ என்ற அச்சம் ஐந்து மாதம் முடிந்தவளுக்கு வருவது இயல்புதான்.

தோட்டத்துக் கிளினிக்கில் மருந்து கொடுக்கும் டிரெஸருக்கு உதவியாக இருந்த நானே, வைத்தியத்தைத் தள்ளிப்போடும் அந்தத் தவற்றைச் செய்தவள். உன் அண்ணன் வயிற்றில் இருந்தபோது, லயத்துப் பெரியவர்கள் பேச்சைக் கேட்டுக் கிராம்பை அடக்கிக்கொண்டே நாளைக் கடத்தினேன். சீழ் பிடித்து, கண் மூடுமளவு கன்னம் வீங்கி, காய்ச்சலோடு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று நான் உண்மையில் நடுங்கியது அப்போதுதான்.

பல்லிடுக்கில் கடித்துக்கொள்ளும் அந்தச் சிறிய படத்துக்கான கதிர் தாடையை நோக்கியே செல்கிறது. வயிற்றை எட்டுவது மிகச் சொற்பம். ஒரு படத்தால் உடலில் சேர்வது ஏறத்தாழ 0.005 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு அது). மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் தானாகவே நம் மேல் படுகிற கதிர்வீச்சோ உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் என்பதால், நீ வீட்டில் சும்மா இருக்கும் ஒரு நாளுக்குக்கூட அந்தப் படம் ஈடாகாது. ஈயக் கவசம் போர்த்தினால் போர்த்திக்கொள். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024இல் அதுவும் வேண்டியதில்லை என்று கூறிவிட்டதால், போர்த்தவில்லையென்று அங்குள்ள நர்ஸ் மிஸ்ஸியிடம் சண்டை பிடிக்காதே.

கர்ப்பமாக இருப்பதை முதலிலேயே சொல்லிவிடு. உன் கர்ப்பப் பரிசோதனைகளைப் பதியும் பிங்க் புத்தகத்தையும் காட்டு. பல் மரத்துப்போகப் போடும் ஊசிக்கும் அஞ்ச வேண்டாம். வலிக்குப் பாரசிட்டமால் போதும். 20 வாரம் கடந்துவிட்டதால் ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் தொடாதே. நெடுநேரம் மல்லாந்து கிடந்தால் தலைசுற்றும். வலது இடுப்புக்கடியில் ஒரு துண்டை மடித்து வைத்து, இடப்பக்கம் சற்றே சாய்ந்துகொள்.

திங்கட்கிழமையே போய்விட்டு வந்து இரவு போன் செய். அப்பா போனை மடியில் வைத்துக்கொண்டுதான் இருப்பார்.

அன்புடன்,
அம்மா