டோக்கியோவில் போன புள்ளிகள்

அன்புள்ள ராமு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் தேறிவருவதில் சந்தோஷம். மாடிப்படி மட்டும் இன்னும் கொஞ்ச நாள் வேண்டாம்.

நம் குதிரையேற்ற வீரர் ஃபவாத் மிர்சா டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒன்பதாவதாக ஆரம்பித்து 23-வதாக முடித்தாரே, குதிரை சொதப்பிவிட்டதா என்று கேட்டிருக்கிறாய். இல்லையப்பா. கூட்டிப் பார்த்தாலே தெரியும்.

அவர் இறங்கிய ஈவென்டிங் என்ற குதிரையேற்றப் போட்டியில் மூன்று பகுதி: டிரெஸ்ஸாஜ், கிராஸ் கன்ட்ரி, ஷோ ஜம்பிங். எல்லாமே அபராதப் புள்ளி. குறைவாக வாங்கியவருக்குப் பதக்கம். டிரெஸ்ஸாஜில், அதாவது குதிரையை நேர்த்தியாக நடத்திக்காட்டும் பகுதியில், நடுவர்கள் தரும் சதவீதத்தை நூறிலிருந்து கழித்தால் வருவது தொடக்கக் கணக்கு. அவருக்கு 28.00. அதன்பின் அது ஏறுமே தவிர இறங்காது.

திறந்தவெளியில் தடைகளைத் தாண்டி ஓடும் கிராஸ் கன்ட்ரியில் அவருடைய குதிரை செய்னூர் மெடிகாட் எந்தத் தடையையும் தாண்ட மறுக்கவில்லை. மறுத்திருந்தால் ஒரேயடியாக 20 போயிருக்கும். போனது நேரத்தில்தான்: குறித்த நேரத்துக்கு மேல் ஆன 28 நொடிக்கு, நொடிக்கு 0.4 வீதம் 11.20. நிமிடத்துக்கு 570 மீட்டர் என்பது அந்த மட்டத்தின் வேகம். அதில் ஒரு நொடி என்றால் ஒன்பதரை மீட்டர். பொதுவாக இந்த நொடிகள் ஓட்டத்தில் போவதில்லை. வளைவை அகலமாகச் சுற்றுவது, தடைக்கு வெகு முன்பே கடிவாளத்தை இழுத்து வேகத்தைக் குறைப்பது, இறங்கியபின் மறுபடி வேகம் பிடிக்கத் தாமதிப்பது, சிக்கலான இடத்தில் நேர்வழியை விட்டு நீள்வழி எடுப்பது, எல்லாம் சில்லறை சில்லறையாகச் சேரும்.

ஷோ ஜம்பிங் வேறு கதை. முந்தின நாள் அசையாத மரத்தடைகளை உரசிக்கொண்டே தாண்டிய குதிரை, இப்போது லேசாகப் பட்டாலே உருளும் கட்டைகளைத் தாண்ட வேண்டும். களைத்த குதிரையின் தாவல் தட்டையாகிவிடும். பின்னங்கால் சரியாக மடங்காது. முதல் சுற்றில் இரண்டு கட்டை விழுந்தது, 8 புள்ளி. 25-வது ஆளாக, அதாவது கடைசி இடத்தில், இறுதிச் சுற்றுக்குள் நுழைந்தார். அதில் 12.40: மூன்று கட்டை, ஒரு நொடி. மொத்தம் 59.60.

ஜெர்மனி வீரர் மிக்கேல் யுங்கைப் பார். 21.10 என்று டிரெஸ்ஸாஜில் முதலிடம். கிராஸ் கன்ட்ரியில் ஒரு தடையில் குதிரை இடித்ததில் பாதுகாப்புப் பின் கழன்று கட்டை விழுந்தது. குதிரை தலைகுப்புறப் புரண்டு வீரர்மேல் விழாமலிருக்க வைத்த ஏற்பாடு அது. கழன்றால் 11 புள்ளி. தங்கம் வாங்கிய யூலியா கிராயெவ்ஸ்கியின் மொத்தமே 26.00. யுங் எட்டாவதோடு நின்றார். லண்டனிலும் ரியோவிலும் தனிநபர் தங்கம் வாங்கிய மனிதர்! 2024-இல் பாரிஸில் அதே குதிரை சிப்மங்க் மேலேயே மூன்றாவது தனிநபர் தங்கத்தை எடுத்தார் என்பது வேறு விஷயம்.

என்னைக் கேட்டால், சிட்னிக்குப் பிறகு இருபது வருஷம் ஒரு இந்தியரும் ஒலிம்பிக்கில் இறங்காத ஆட்டத்தில், ஃபவாத் இறுதிச் சுற்றுவரை வந்ததே பெரிய காரியம். ஜகார்த்தாவில் 2018-இல் வாங்கிய ஆசிய வெள்ளியும் இதே குதிரைமேல்தான்.

பேத்தி குதிரையேற்றம் கற்கிறாள் என்றாயே, பழைய கிராஸ் கன்ட்ரி பதிவுகளைப் போட்டுக் கையில் ஸ்டாப்வாட்சோடு உட்காரச் சொல். ஒரே வளைவை இரண்டு வீரர்கள் எத்தனை நொடியில் எடுக்கிறார்கள் என்று அவள் குறித்து வைத்தால், எனக்கும் ஒரு பிரதி அனுப்பு.

அன்புடன்,
சேகர்