மிந்தெலோவில் பக்கத்துப் படகில் இருந்த அம்மாவுக்கு நன்றி

கேப் வெர்டே தீவுகளின் மிந்தெலோ துறைமுகத்தில் எங்களுக்கு அடுத்துப் படகு கட்டியிருந்த அம்மாவுக்கு இந்த நன்றி. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், சரி.

அங்கிருந்து அட்லாண்டிக் கடலைத் தாண்டி, நாங்கள் போக வேண்டிய கரீபியன் தீவான பார்படோஸ் சுமார் 2,000 கடல் மைல். 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்தில் போகிற சின்னப் பாய்மரப் படகுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும், நடுவில் கடை எதுவும் கிடையாது. நாங்கள் வாங்கி வந்த சாமான்களைப் பார்த்தவர், ஓர் அட்டைப்பெட்டியைக்கூட உள்ளே ஏற்றவிடவில்லை. மடிப்புகளில் கரப்பான் முட்டை இருக்குமாம். நடுக்கடலில் பொரித்தால் தொலைந்தோம். எல்லாவற்றையும் கரையிலேயே பிரித்து, காய்களைக் கழுவி உலர்த்தி வலையில் தொங்கவிட வைத்தார். குளிர்பெட்டியில் வைக்காத முட்டையாகப் பார்த்து வாங்கச் சொன்னார். அவ்வப்போது திருப்பி வைத்தால் வாரக்கணக்கில் தாங்கும். வாழைத்தார் மட்டும் அவர் பேச்சைக் கேட்கவில்லை, மொத்தமும் ஒரே நாளில் பழுத்தது.

அதைவிடப் பெரிய உதவி படுக்கை விஷயத்தில். வடகிழக்கிலிருந்து நிலையாக வீசும் வணிகக்காற்று பின்னாலிருந்து தள்ளும்போது படகு இரண்டு பக்கமும் ஓயாமல் உருளும். இரவுக் காவல் முடிந்து படுத்தால், விழாமல் பிடித்துக்கொள்வதே வேலையாகிவிடும். அவர் தம்மிடமிருந்த பழைய பாய்மரத் துணியை வெட்டி, படுக்கை ஓரத்தில் தடுப்பாகத் தைத்து, மேல்முனைகளைக் கயிற்றால் இழுத்துக் கட்டிக் கொடுத்தார். தொட்டில் பிள்ளைபோலத் தூங்கினோம். காசு கொடுத்தோம், வாங்கவில்லை.

அம்மா, நீங்களும் கரீபியன் பக்கம் வருவதாகச் சொன்னீர்கள். எங்கள் படகைப் பார்த்தால் கட்டாயம் ஏறி வாருங்கள். மீன் குழம்பு என் பொறுப்பு.