விழுவதற்கு முன்பே கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் தெரு மூத்தோர் மன்றம் ஏற்பாடு செய்த சமநிலைப் பரிசோதனை முகாம் நல்லபடியாக நடந்து முடிந்தது. தோள் கொடுத்தவர்களுக்கு அன்றைக்கே கைகூப்பி நன்றி சொன்னோம். ஆனால் அவர்கள் செய்த வேலை என்ன, அதன் அருமை என்ன என்று ஊரறியச் சொல்ல வேண்டும் என்று மன்றத்தில் எல்லோரும் விரும்பினார்கள். செயலாளர் என்ற முறையில் நான் எழுதுகிறேன்.

கும்பகோணத்தின் பழைய தெருக்களைப் பார்த்தவர்களுக்கு எங்கள் வீடுகளைச் சொல்லத் தேவையில்லை. உயரமான வாசற்படி, அறைக்கு அறை நிலைப்படி, மழை பெய்தால் வழுக்கும் முற்றம், கொல்லைக் கடைசியில் குளியலறை. கண் மங்கிய, கால் தளர்ந்தவர்கள் இரவில் இத்தனையையும் தாண்டிப் போய் வர வேண்டும். யாராவது விழுந்தால், "வயசாச்சு, அப்படித்தான்" என்று தைலம் தேய்த்துவிடுவோம். உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. எதிர்பாராத காயங்களால் வரும் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இறப்பவர்களில் அறுபதைத் தாண்டியவர்களே அதிகம். இதை எங்களுக்கு எடுத்துச் சொல்லி, "விழுந்த பிறகு என்னிடம் வராதீர்கள், விழும் முன்பு நான் வருகிறேன்" என்று தானே நாள் குறித்துக் கொடுத்தவர் முதியோர் நல மருத்துவரான டாக்டர் அம்மா. முதல் நன்றி அவருக்கு.

அவர் ஸ்டெதஸ்கோப்பைக் கையில் எடுக்கும் முன் மூன்று கேள்விகள் கேட்டார். போன ஒரு வருடத்தில் விழுந்தீர்களா? நிற்கும்போதோ நடக்கும்போதோ தள்ளாடுகிறதா? விழுந்துவிடுவோமோ என்ற பயம் இருக்கிறதா? மண்டபத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. உடனே அவர் துணைக்கு வந்திருந்த பிள்ளைகளையும் மருமகள்களையும் வெளித் திண்ணையில் சற்று உட்காரச் சொன்னார். அவர்கள் போனதும் ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். கிணற்றடியில் சறுக்கியது, பஸ்ஸிலிருந்து இறங்கும்போது முழங்கால் மடங்கியது, இரவு எழுந்து நின்றதும் கண் இருட்டி, கட்டிலிலேயே சாய்ந்தது. வீட்டில் சொன்னால் கோயிலுக்குக்கூடத் தனியாக விடமாட்டார்கள் என்ற பயத்தில் இத்தனை நாள் மறைத்து வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் அக்கறையில்தான் கண்டிக்கிறார்கள், அது எங்களுக்கும் தெரியும். ஆனாலும் விழுந்ததைச் சொல்ல முடியாத வீட்டில், அடுத்த முறை விழாமல் காப்பதும் முடியாது. டாக்டர் அம்மா அந்தப் பயத்தைப் புரிந்துகொண்டு கேட்டாரே, அதற்காக எத்தனை முறை நன்றி சொன்னாலும் தகும்.

அடுத்து பிசியோதெரபி மாணவ மாணவியர். வந்ததும் நாற்காலியிலிருந்து மூன்று மீட்டர் தள்ளித் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டார்கள். நாற்காலியிலிருந்து எழுந்து, வழக்கமான வேகத்தில் கோடு வரை நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 1991-இல் கனடாவில் பொட்சியாட்லோ, ரிச்சர்ட்சன் என்ற இருவர் வகுத்துத் தந்த சோதனை இது. பன்னிரண்டு விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு மேலே பார்க்கிறார்கள். கடிகாரத்தைப் பார்த்ததோடு அந்தப் பிள்ளைகள் நிறுத்திக்கொள்ளவில்லை. எழும்போது கையை ஊன்றுகிறாரா, திரும்பும் இடத்தில் சின்னச் சின்ன அடியாக வைக்கிறாரா, கை வீச்சு இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் குறித்தார்கள். அதன்பின் நின்று பார்க்கும் சோதனை. இரண்டு பாதமும் சேர்த்து, பிறகு ஒன்றைச் சற்று முன்னே தள்ளி, பிறகு குதிகாலும் பெருவிரலும் தொடும்படி ஒன்றன்பின் ஒன்றாக, கடைசியில் ஒற்றைக் காலில். ஒவ்வொன்றும் பத்து விநாடி. மூன்றாவது நிலையில் பத்து விநாடி நிற்க முடியாதவர்களின் அட்டையில் சிவப்புக் குறி விழுந்தது.

ஒன்றை நான் கண்ணால் பார்த்தேன். நடப்பவருக்குப் பக்கவாட்டில், அரை அடி பின்னால், கையை இடுப்புக்கு அருகில் கொண்டுபோய்த் தொடாமல் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை கூடவே நடந்தது. தாங்கிப் பிடித்தால் சோதனை பொய்யாகிவிடும், விட்டுவிட்டால் ஆள் விழுந்துவிடுவார். பொழுது சாயும்வரை யாரும் அந்தக் கையை இறக்கவில்லை, ஒருவரும் விழவும் இல்லை. தள்ளாடியவரைப் பார்த்து "பாத்து, பாட்டி" என்று பதறவும் இல்லை. "நல்லா நிக்கிறீங்க, இன்னும் மூணு விநாடிதான்" என்றார்கள். இந்தப் பக்குவத்தை அந்த வயதில் கற்றுக்கொடுத்த ஆசிரியர்களுக்கும் எங்கள் வணக்கம்.

எங்களை அதிகம் யோசிக்க வைத்தது அதற்குப் பிறகு நடந்தது. அதே மூன்று மீட்டரை மனக்கணக்கு போட்டுக்கொண்டே நடக்கச் சொன்னார்கள். நூறிலிருந்து மூன்று மூன்றாகக் குறைக்க வேண்டும். கணக்குப் பழகாதவர்களுக்கு ஒரு மாணவி அங்கேயே வழி கண்டுபிடித்தார். தமிழ் மாதங்களைக் கடைசியிலிருந்து சொல்லச் சொன்னார். பங்குனி, மாசி, தை, மார்கழி என்று சொல்லிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் கார்த்திகையில் யோசித்தார். யோசித்த கணமே கால் நின்றுவிட்டது. மற்றச் சோதனைகளில் எல்லாம் குறையே இல்லாதவர் அவர். நடப்பது காலின் வேலை மட்டும் இல்லை, மூளையின் முன்பகுதியும் கவனம் செலுத்தினால்தான் நடை ஓடும். வயதாக ஆக அந்தக் கவனத்தைப் பேச்சும் கேட்கிறது, காலும் கேட்கிறது என்று டாக்டர் அம்மா விளக்கினார். ஸ்வீடனில் முதியோர் இல்லத்தில் இருந்தவர்களைக் கவனித்து, பேச்சுக் கொடுத்தால் நடையை நிறுத்திவிடுகிறவர்களே பிறகு அதிகம் விழுகிறார்கள் என்று 1997-இல் லான்செட் இதழில் எழுதியிருக்கிறார்கள். அதையும் சொல்லிவிட்டு, "இதை வைத்து மறதி நோய் என்று யாரும் முடிவு கட்டாதீர்கள், படியேறும்போது போன் பேசாதீர்கள், அவ்வளவுதான் இப்போதைக்கு" என்று அந்தப் பெரியவரின் கையைப் பிடித்துச் சொன்னார்.

நினைவாற்றல் சோதனைக்கென்று உட்கார்ந்த மாணவிக்குத் தனியாக ஒரு நன்றி. கடிகாரம் வரைவது, ஐந்து சொல்லை ஞாபகம் வைத்துத் திருப்பிச் சொல்வது, படத்திலிருக்கும் விலங்கின் பெயர் சொல்வது எனப் போகிறது மாண்ட்ரியலில் உருவான அந்த முப்பது மதிப்பெண் சோதனை. இருபத்தாறுக்குக் கீழே வந்தால் மேலும் பார்க்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் படிக்காதவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூட்டித் தருகிறார்கள். ஆனால் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத எங்கள் பாட்டிமார்களுக்கு ஒரு மதிப்பெண் எப்படிப் போதும்? வாழ்நாளில் பென்சில் பிடிக்காத கை கடிகாரம் வரையவில்லை என்றால் மூளையில் கோளாறு என்று ஆகிவிடுமா? அந்த மாணவி தாளை மடித்து வைத்துவிட்டார். என்ன மாதம், என்ன கிழமை, காலையில் என்ன சாப்பிட்டீர்கள், சந்தையில் கிடைக்கும் காய்கள் எத்தனை சொல்ல முடியும் என்று பேச்சாகவே கேட்டார். கூட வந்தவர்களிடம் தனியே போய், பணம் எண்ணுவதில், சமையலில் ஏதாவது மாற்றம் தெரிகிறதா என்று விசாரித்தார். இதற்கு மதிப்பெண் போடவில்லை. யாரை மருத்துவமனையில் முழுதாகப் பார்க்க வேண்டும் என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். ஹரியானாவின் பல்லப்கரில் எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்து முதியோருக்கென்றே இந்தியில் ஒரு சோதனை அமைத்திருக்கிறார்களாம். அப்படி ஒன்று தமிழில் எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கைக்கெட்டும்படி இருக்க வேண்டும் என்பது எங்கள் மன்றத்தின் விருப்பம்.

நர்ஸ் அம்மாவுக்கு நன்றி. ஒவ்வொருவரையும் ஐந்து நிமிடம் படுக்கவைத்து ரத்த அழுத்தம் பார்த்து, எழுந்து நின்ற பின் மூன்று நிமிடத்துக்குள் மறுபடி பார்த்தார். மேல் எண் இருபதோ கீழ் எண் பத்தோ இறங்கினால் தலைசுற்றி விழக்கூடும். இதற்கு நேரம் பிடிக்கும் என்று தெரிந்தும் ஒருவரையும் விட்டுவிடவில்லை. மஞ்சள் பையில் கொண்டுவந்த மாத்திரைகளை மேசையில் கொட்டி டாக்டர் அம்மா பார்த்தபோது தூக்க மாத்திரை, பிரஷர் மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை என்று பலவும் சேர்ந்து தள்ளாட வைப்பது சிலருக்குத் தெரிந்தது. எதையும் தாமாக நிறுத்தாமல், எழுதிக் கொடுத்த டாக்டரிடமே காட்டச் சொல்லிச் சீட்டு கொடுத்தார். சர்க்கரை உள்ளவர்களின் பெருவிரலில், தட்டினால் அதிரும் உலோகக் கவையான இசைக்கவையை வைத்து, அதிர்வு தெரிகிறதா என்று கேட்டார்கள். தரையைக் கால் உணராவிட்டால் இருட்டில் கண்ணும் உதவாது.

மரக் கைப்பிடி நாற்காலிகளை மனமுவந்து கொடுத்த பள்ளித் தலைமையாசிரியருக்கும், நடக்க முடியாதவர்களை ஏற்றிவந்து காசு வாங்க மறுத்த ஆட்டோ ஸ்டாண்டுத் தம்பிகளுக்கும், சுக்குக் காபி போட்டுத் தந்த அக்காமார்களுக்கும் நன்றி. எந்த வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார்கள் என்று விரல் நுனியில் வைத்திருக்கும் மக்களைத் தேடி மருத்துவம் பணியாளர் சகோதரி, முகாமுக்கு வர முடியாதவர்களின் பட்டியலைத் தானே எழுதி எடுத்துப் போனார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள் என்பது எங்களில் பாதிப்பேருக்கு அன்றுதான் தெரியும். பிளம்பர் தம்பி குளியலறைகளில் கம்பி பொருத்த வருகிறார், பொருளின் விலை மட்டும் போதும் என்கிறார்.

மன்றத்து மூத்தவர்களுக்கு ஓர் அறிவிப்பு. காலுக்கு வலுவும் சமநிலையும் தரும் பயிற்சியை ஒழுங்காகச் செய்தால் விழுவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று நியூசிலாந்தின் ஒட்டாகோவில் உருவான வீட்டுப் பயிற்சித் திட்டத்தில் கண்டிருக்கிறார்கள். மாணவர்கள் பெரிய எழுத்தில் எழுதித் தந்த பயிற்சித் தாளைப் படி எடுத்து வைத்திருக்கிறேன். செவ்வாய், வெள்ளி காலை ஆறரை மணிக்கு மண்டபத்தில் சேர்ந்து செய்வோம். அட்டையில் சிவப்புக் குறி உள்ளவர்கள் துணைக்கு ஒருவரோடு வரவும். செருப்பு நழுவாததாக இருக்கட்டும்.

நன்றியுடன்,
செயலாளர், தெரு மூத்தோர் மன்றம்,
கும்பகோணம்