அலமாரிக்கு வெளியே கொண்டி வேண்டாமே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விருதுநகர் பக்கம் மரவேலை பார்க்கிறவன் நான். புதிதாக அலமாரி செய்யச் சொல்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். அட்டைப் பெட்டியில் பலகை பலகையாக வந்து இறங்கும் அலமாரிகளைக் கோத்து நிறுத்திக் கொடுப்பதும், நிறுத்தியது ஆட்டம் கண்டால் சரிசெய்வதும்தான் இப்போது பாதிப் பிழைப்பு. அந்த வீடுகளில் அடிக்கடி கேட்கிற ஒரு பேச்சைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

கீழ்த்தட்டுக் கதவு ஒட்டி நிற்காமல் பிளந்துகொண்டே இருக்கும். உடனே, "ஆசாரியாரே, வெளியே ஒரு கொண்டி அடிச்சு விட்ருங்க, தொல்லை விட்டுது" என்பார்கள். மாட்டேன் என்றால் சிலருக்குக் கோபம் வருகிறது. வேலைக்குச் சோம்பல்படுகிறேன் என்று நினைக்கிறார்கள்.

கண்ணாமூச்சி விளையாடுகிற பிள்ளைகள் முதலில் ஒளிகிற இடம் அந்தக் கீழ்த்தட்டுதான். ஒரு பிள்ளை உள்ளே போய் உட்கார, இன்னொரு பிள்ளை விளையாட்டாகக் கொண்டியைப் போட்டுவிட்டால், உள்ளே இருக்கிறது என்ன செய்யும்? காந்தம் வைத்த கதவு என்றால் காலால் ஒரு உதை விட்டால் திறந்துகொள்ளும். அமெரிக்காவில் ஒரு காலத்தில் ஃபிரிஜ் கதவுக்கு வெளியே தாழ்ப்பாள்தான் இருந்தது. தூக்கிப் போட்ட பழைய ஃபிரிஜ்களுக்குள் ஒளிந்த குழந்தைகள் வெளியே வர முடியாமல் மூச்சுமுட்டி இறந்தார்கள். 1956-ல் அதற்கென்றே சட்டம் போட்டார்கள். 1958 அக்டோபர் கடைசியிலிருந்து செய்கிற வீட்டு ஃபிரிஜ் எல்லாம் உள்ளிருந்து தள்ளினால் திறக்க வேண்டும் என்றானது. இன்று நம் வீட்டு ஃபிரிஜ் கதவின் ரப்பருக்குள் காந்தப் பட்டை ஓடுகிறதே, அது எங்கும் பரவியது அதற்கப்புறம்தான். மர அலமாரி அந்த அளவுக்குக் காற்றுப் புகாத பெட்டி அல்ல, சரி. ஆனால் சித்திரை வெயிலில், இருட்டுக்குள் மாட்டிக்கொண்டு கதறுகிற மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியுமா?

"காந்தம் இருக்கத்தானே செய்யுது, அது பிடிக்கலையே" என்பார்கள். பிடிக்காது. கடைக்காரர் அனுப்புகிற ஆள் அதை இரண்டு நிமிஷத்தில் அடித்துவிட்டுப் போயிருப்பார். காந்தத்துக்கும் கதவில் இருக்கும் இரும்புத் தகட்டுக்கும் நடுவே அரை நூல், அதாவது ஒன்றரை மில்லிமீட்டர் அளவு, இடைவெளி விழுந்தாலே போதும், பிடிப்பு பெரும்பாலும் போய்விடும். பாக்கெட்டில் மூன்று, நான்கு கிலோ இழுக்கும் என்று போட்டிருப்பது தகடு முழுசாக ஒட்டி நிற்கும்போது மட்டும்தான்.

நான் முதலில் காந்தத்தைத் தொடுவதே இல்லை. அலமாரி மட்டமாக நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்ப்பேன். முன்பக்கம் சாய்ந்து நின்றால் எந்தக் கதவும் தானாகத் திறக்கத்தான் பார்க்கும். அப்புறம் கீல். ஸ்பிரிங் வைத்த ஆட்டோ கீல் என்றால் அதுவே கதவை இழுத்துப் பிடிக்கும், காந்தமே தேவைப்படாது. சாதாரணக் கீல் என்றால்தான் காந்தத்துக்கு வேலை. கீலிலிருந்து தள்ளி, கதவு திறக்கிற ஓரத்துக்குப் பக்கத்தில், மேல் பலகையின் அடியில் வைக்க வேண்டும். ஏற்றி இறக்குகிற தட்டில் அதை அடித்து வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தட்டு பக்கப் பலகையில் செருகிய சின்ன ஊசிகள் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது, கதவை இழுத்தால் தட்டும் கூடவே வரும்.

காந்தம் உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக் கூட்டின் இரண்டு ஸ்க்ரூ ஓட்டையும் நீளமாக இருப்பது சும்மா இல்லை. ஸ்க்ரூவை நடுவில் விட்டு, முழுசாக இறுக்காமல் வைக்க வேண்டும். தகட்டைக் காந்தத்தின் மேலேயே ஒட்ட வைத்துவிட்டுக் கதவை அழுத்தி மூடினால், தகட்டின் பின்னால் இருக்கிற சின்ன முளை கதவில் தடம் பதிக்கும். முளை இல்லாத தகடு என்றால் சாக்பீஸ் தடவிக்கொள்ளலாம். தடம் விழுந்த இடத்தில் தகட்டை மாட்டி, லேசாக ஆடுகிற மாதிரி விட்டால் அது தானே காந்தத்தோடு சரியாக உட்காரும். பிறகு கூட்டை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்து இறுக்க வேண்டியதுதான். தகடு தொலைந்தால் எவர்சில்வர் துண்டை வைக்காதீர்கள். பாத்திரம் செய்கிற நல்ல எவர்சில்வரில் பெரும்பாலானதைக் காந்தம் இழுக்காது.

மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டில் மெஷின் வைத்து ஸ்க்ரூ ஏற்றுவது இன்னொரு கேடு. ஒரு சுற்று கூடினால் உள்ளே தூளாகிவிடும். சின்னத் துளை போட்டு, அரை இஞ்ச் ஸ்க்ரூவைக் கையால்தான் ஏற்ற வேண்டும். ஓட்டை ஏற்கெனவே பெரிதாகியிருந்தால் பல்குத்தும் குச்சியை ஃபெவிகாலில் தோய்த்து அடைத்து, ஒரு ராத்திரி காயவிட்டால் பிடிக்கும். ஆள் உயரக் கதவுக்கு மேலே ஒரு காந்தம், கீழே ஒன்று. மழைக்காலத்தில் பலகை வளையும்போது ஒரே காந்தம் தாங்காது. அதற்காகச் சின்னக் கதவிலும் இரண்டு வைத்தால், பிள்ளை இரண்டு கையாலும் பிடித்து இழுக்கும்போது அலமாரியே முன்னால் வந்துவிடும். எடை குறைந்த அலமாரி எதுவானாலும் எல் கிளாம்ப் போட்டுச் சுவரோடு பிடித்துவிடுங்கள்.

இப்போது இன்னொன்றும் பார்க்கிறேன். பொத்தான் அளவில் பளபளவென்று வருகிற நியோடிமியம் காந்தத்தை வாங்கிப் பசை போட்டுக் கதவில் ஒட்டுகிறார்கள். பிடிப்பு பிரமாதம்தான். ஆனால் பசை விட்டு இரண்டு தரையில் விழுந்து, பிள்ளை எடுத்து விழுங்கினால், குடலின் வெவ்வேறு மடிப்பில் இருந்தபடி ஒன்றையொன்று இழுத்து நடுவில் சிக்கிய குடல் சுவரை ஓட்டையாக்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வாழைப்பழம் கொடுத்துக் காத்திருக்கிற விஷயம் இல்லை. அலமாரிக்கு பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஸ்க்ரூ போட்டு நிற்கிற பழைய கறுப்புக் காந்தமே போதும்.

பினாயில், ஆசிட் பாட்டில் இருக்கிற கீழ்த்தட்டைப் பிள்ளை திறந்துவிடுமே என்று ஒரு அக்கா கேட்டார். நியாயம்தான். அந்தப் பாட்டில்களை மேல்தட்டுக்கு ஏற்றுங்கள், கொண்டி கேட்காதீர்கள்.

அலமாரி விற்கிறவர்களுக்கு உங்கள் பத்திரிகை மூலமாக ஒரு வேண்டுகோள். பெட்டிக்குள் போடுகிற படத்தாளில் காந்தத்துக்கு ஒரு அம்புக்குறியோடு நிறுத்திவிடுகிறீர்கள். அதை எங்கே, எப்படி வைப்பது என்று தமிழில் நாலு வரி அச்சடியுங்கள். தகடும் ஸ்க்ரூவும் ஒரு ஜோடி கூடுதலாகப் போடுங்கள், முதலில் தொலைவது அவைதான்.

இப்படிக்கு,
மரவேலை செய்யும் வாசகர் ஒருவர்,
விருதுநகர்.